கடைசி இடம் பிடித்த பாட்டு

1974 ஏப்ரல் 24, இரவு 10.55. லிஸ்பன் வானொலியில் ஒரு காதல் பாட்டு ஒலிக்கிறது. பிரிந்துபோனவளை நினைத்து ஒருவன் உருகுகிறான். வீட்டில் கேட்டவர்களுக்கு அது வழக்கமான ராத்திரிப் பாட்டு. வானொலிக்குப் பக்கத்தில் காத்திருந்த இளம் ராணுவ அதிகாரிகளுக்கோ அதுதான் ‘தயாராகுங்கள்’ என்ற சைகை. நள்ளிரவு தாண்டி வேறொரு நிலையத்தில் வேறொரு பாட்டு வந்ததும் படைகள் கிளம்பின. மறுநாள் சாயங்காலத்துக்குள் போர்ச்சுகலின் 48 வருட சர்வாதிகாரம் சரிந்தது. துப்பாக்கிக் குழாய்களில் ஜனங்கள் கார்னேஷன் பூக்களைச் செருகினார்கள்.

அந்தக் காதல் பாட்டு 18 நாள் முன்புதான் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில், யூரோவிஷன் பாட்டுப் போட்டி மேடையில் போர்ச்சுகல் சார்பில், அதன் மொழியிலேயே பாடப்பட்டது. கிடைத்தது 3 புள்ளி. கடைசி இடம், அதிலும் இன்னும் மூன்று நாடுகள் பங்குக்கு. அன்று ஜெயித்த ‘வாட்டர்லூ’வை உலகமே அறியும். ஸ்வீடன் குழு அதைப் பாடியது ஸ்வீடிஷில் அல்ல, ஆங்கிலத்தில்.

தோற்ற பாட்டை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? போட்டிக்குப் போய்வந்ததால் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. அரசியல் வாடையே இல்லாததால் தணிக்கைக்காரர்கள் கைவைக்கக் காரணமும் இல்லை. அதே பாட்டு ஆங்கிலத்தில் இருந்திருந்தால்? சைகையாக உதவியிருக்கலாம். ஆனால் ஒரு ஜனத்தின் நினைவில் இப்படி ஒட்டியிருக்குமா? எனக்குத் தோன்றவில்லை.

யூரோவிஷனில் சொந்த மொழியில்தான் பாட வேண்டும் என்ற விதி 1966ல் வந்தது. 1973ல் தளர்ந்தது, 1977ல் திரும்பியது, 1999ல் ஒரேயடியாகப் போனது. பிறகு மடை திறந்த மாதிரி ஆங்கிலம். வீட்டில் ஒரு மொழி, மேடையில் ஒரு மொழி என்று நாடு நாடாக மாறிப்போனதைப் பார்க்கும்போது அடிவயிற்றில் பயம் வருகிறது. நாலு பேருக்குப் புரிந்தால்தானே ஓட்டு விழும் என்பார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் 2017ல், கீவ் நகரில் நடந்ததைப் பாருங்கள். 1964ல் பூஜ்யத்தோடு கணக்கைத் தொடங்கி, 6ஆம் இடத்துக்கு மேல் ஒருமுறையும் ஏறாத போர்ச்சுகல், தன் மொழியிலேயே வந்து நின்றது. நெருப்பு இல்லை, ஆட்டக்காரர்கள் இல்லை. கூட்டத்துக்கு நடுவே சின்ன மேடை, கறுப்புக் கோட்டில் ஒல்லியாக ஓர் இளைஞன். இதய நோயாளி. ஒத்திகைக்கு வர முடியாததால் அவனுக்குப் பதில் அக்காதான் நின்று பாடினாள். பாட்டை எழுதியவளும் அவளே. அவன் பாடும்போது கைவிரல்கள் காற்றில் எதையோ தேடிக்கொண்டே இருக்கும். எத்தனை முறை யூடியூபில் பார்த்தேனோ, அந்த விரல்களைத்தான் பார்த்தேன். ஒரு சொல்லும் புரியவில்லை. புரியாமலேயே தொண்டை அடைத்தது. நடுவர்களும் நேயர்களும் சேர்ந்து கொடுத்த 758 புள்ளி அன்றைக்கு யூரோவிஷன் சாதனை. வென்ற பிறகு மறுபடி பாடக் கூப்பிட்டபோது, அக்காவையும் மேடையேற்றினான். அந்த வருடக் கடைசியில் அவனுக்கு இதய மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது.

அந்த மொழி நமக்கும் அப்படியொன்றும் தூரமில்லை. ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் அங்கிருந்து கப்பலில் வந்த சொற்கள்தான்.

அடுத்த வருடம் லிஸ்பனிலேயே போட்டி. சொந்த மண்ணில், சொந்த மொழியில் பாடி போர்ச்சுகல் கடைசி இடம். 2021ல் முதன்முறையாக முழுக்க ஆங்கிலப் பாட்டை அனுப்பியது. 12ஆம் இடம். அந்தச் செய்தியைப் படித்தபோது, தெரிந்த வீடு ஒன்றை விற்றுவிட்டார்கள் என்று கேட்டதுபோல் இருந்தது. அடுத்த வருடப் பாட்டிலும் ஆங்கிலம் கலந்திருந்தது. பழகிவிட்டால் மீட்சி இல்லையே என்று கவலைப்பட்டேன்.

வீடு போகவில்லை. 2023ல் போர்ச்சுக்கீசியம். 2024லும் அதுவே. 2025ல், பேசல் நகரில், மதைரா தீவிலிருந்து வந்த பையன்கள், தீவை விட்டுப் பெருநகரத்துக்குப் பிழைக்கப் போனவனின் ஏக்கத்தைத் தங்கள் மொழியிலேயே பாடினார்கள். 21ஆம் இடம் கிடைத்தது. கிடைக்கட்டும்.