லயத்துக் கானும் களனி கங்கையும்

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கிலே, தேயிலைச் சரிவுகளிலிருந்து கசிந்து, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் அருகே பீலியாய் விழுந்து, சமையலுக்கும் குளிப்புக்கும் துவைப்புக்கும் பயன்பட்டபின் அழுக்கோடு கானில் இறங்கும் தண்ணீர் அங்கேயே மறைந்துவிடுவதில்லை. கெசல்கமு ஓயாவில் கலந்து, நோர்வூட்டைத் தாண்டிக் காசல்ரி நீர்த்தேக்கத்தில் தங்கி, நோட்டனைக் கடந்து, களனி கங்கையாகப் பெருகி, கொழும்பு நகரத்து ஜனங்களின் குடிநீருக்காக அம்பத்தலையில் அள்ளப்படுகிறது. ஆகவே லயத்துக் கழிவுநீர் லயத்தாருடைய சொந்த விவகாரம் என்று கருதுவது பெரும் பிழை.

எனினும் கொழும்பை எட்டுவதற்கு வெகு முன்பே அத்தண்ணீர் தீங்கு விளைவிக்கும் இடம் ஒன்று உண்டு; அது கீழ் லயத்தின் பீலி. மேல் லயத்தின் மலசலகூடக் குழியிலிருந்து ஊறும் கழிவு, பாறைமேல் மெல்லியதாய்ப் படிந்த மண்ணின் வழியே விரைந்து இறங்கி, கீழேயுள்ள ஊற்றுக்கண்ணைச் சேர்ந்துவிடுகிறது. வயிற்றுப்போக்கு, சீதபேதி, நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி, குழந்தைகளின் குடற்புழு ஆகிய வியாதிகள் இவ்வழியே பரவக்கூடியவை. பீலித் தண்ணீர் பளிங்காய்த் தெரிவது அதன் சுத்தத்துக்குச் சாட்சியாகாது. கொதிக்கவைத்துக் குடிப்பதே உடனடி உபாயம். தென்மேற்குப் பருவமழையில் குழிகள் நிரம்பி வழிவதும், இடைவிடாது ஊறும் கழிவுநீர் சரிவின் மண்ணை இளக்கி மண்சரிவு அபாயத்தை வளர்ப்பதும் இதனோடு சேர்ந்த கேடுகள்.

குடிநீர் ஊற்றுக்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்பது நம் நாட்டில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. புதிய வீட்டுத் திட்டங்கள் பலவற்றிலே குடும்பமொன்றுக்கு ஒதுக்கப்பட்ட 7 பேர்ச் காணியோ ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதனைச் சதுரமாக அளந்தால் ஒரு பக்கம் 44 அடியையும் எட்டாது. தன் காணிக்குள் எவ்வளவு சிரத்தையோடு குழி வெட்டினாலும் ஒரு குடும்பம் தனியே இந்த விதியை நிறைவேற்றுவது அரிது என்பது இதனால் பிரத்தியட்சமாகிறது. சரிவிலோ தூரம் மட்டும் போதாது. குழி, ஊற்றுக்குக் கீழேயே இருத்தல் வேண்டும். எனவே இது ஒரு வீட்டின் காரியமன்று, ஒரு மலைச்சரிவு முழுவதன் காரியம்: பல வீடுகளுக்குப் பொதுவாக இரண்டு அறைகள் கொண்ட மலத்தொட்டி, அதிலிருந்து வெளிவரும் நீரைச் சரளைக்கல்லும் நாணலும் நிறைந்த படுகையில் வடியவிடும் ஏற்பாடு, சில ஆண்டுகளுக்கொருமுறை அடிமண்டியை அகற்ற வரும் பவுசர் எட்டக்கூடிய பாதை ஆகிய மூன்றும் அவசியம். குளிப்பு, சமையல் நீரைத் தொட்டிக்குள் விடாமல், வாழையும் சேம்பும் நட்ட சரளைக்குழிக்குத் திருப்புவது நலம்.

இதை யார் செய்வது? 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றதிலிருந்து, தோட்டத்தைக் கேட்டால் பிரதேச சபையையும், சபையைக் கேட்டால் 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவையும் காட்டிவந்தார்கள். பல தலைமுறைகளாக வரிசையில் நின்று உழைத்த மக்களுக்கு ஒரு கானைக் கட்டிக்கொடுக்கச் சட்டம் தடையாய் நின்றது என்பது மனத்தை நோகச் செய்யும் செய்தி. அந்தச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டு, தோட்டப் பகுதிகளுக்கும் சபை சேவை செய்ய வழி திறக்கப்பட்டுவிட்டது. அதற்காகக் கம்பனியின் பொறுப்பு நீங்கிவிடவுமில்லை.

ஆதலால் இவ்வேலையைக் கோரும் விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதி, லயத்தார் அனைவரும் கையொப்பமிட்டு, தோட்ட முகாமையாளர், நோர்வூட் பிரதேச சபை, சுகாதார வைத்திய அதிகாரி ஆகிய மூவருக்கும் ஒரே நாளில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தைப் பிரதியில் வாங்கிவைக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நேரில் வந்து பார்க்குமாறு அதிலேயே கோரலாம். பதில் வராவிடில், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, இவ்வேலைக்கு எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டது என்று சபையிடம் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல அது கடமைப்பட்டது. வழிந்தோடும் கழிவு பொதுத்தொல்லையாகிவிட்டால், 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவான் அதனை நீக்கக் கட்டளையிட முடியும். தொழிற்சாலைக் கழிவாயின் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் முறையிடலாம்.

புதிய வீடுகளுக்குக் காணி அளக்கும் இடங்களில் இன்னும் முந்திக்கொள்ள வேண்டும்: ஊற்றுக்கண்களும் பொதுத்தொட்டியும் பவுசர் பாதையும் வரைபடத்தில் குறிக்கப்படும்வரை அத்திவாரம் வெட்டக்கூடாதென்று எழுத்தில் கேட்பதற்கு, தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கத்தாரும் சேர்ந்து செல்வது நல்லது.