விசுவாசப் பிரமாணம்: எதற்காக, எதுவரை?

கிறிஸ்தவ ஆராதனையில் சபையார் எழுந்து நின்று ஒரே குரலில் சொல்லும் விசுவாசப் பிரமாணம் ஞானஸ்நானத்தோடு பிறந்தது. தண்ணீரில் இறங்குபவரிடம் பிதாவை, குமாரனை, பரிசுத்த ஆவியை விசுவாசிக்கிறாயா என்று மூன்று கேள்விகள் கேட்கப்பட்டன. "விசுவாசிக்கிறேன்" என்பது பதில். ரோமாபுரிச் சபையில் வழங்கிய இத்தகைய அறிக்கை வளர்ந்துதான் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம் ஆயிற்று. பன்னிருவரும் ஆளுக்கொரு வரி சொன்னார்கள் என்பது பின்னால் முளைத்த கதை.

கி.பி. 325இல் நிசேயாவில் விசுவாசப் பிரமாணத்துக்கு வேறொரு வேலை வந்து சேர்ந்தது. குமாரன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த நிலையும் உண்டு என்று அலெக்சாந்திரியாவின் மூப்பர் ஆரியஸ் போதித்தார். அவரும் வேதவசனங்களையே ஆதாரம் காட்டியதுதான் சிக்கல். வசனத்துக்கு வசனம் சொல்லித் தீர்க்க முடியாத வழக்கு அது. எனவே பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய சங்கத்தில் ஆயர்கள், குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று ஒரு பிரமாணத்தில் எழுதினர். அதற்கு அவர்கள் ஆண்ட கிரேக்கச் சொல் வேதத்தில் எங்கும் இல்லை. வேதத்தைக் காக்க வேதத்துக்கு வெளியே போக வேண்டியிருந்தது. ஒப்ப மறுத்த இரு ஆயர்களும் ஆரியஸும் நாடு கடத்தப்பட்டனர். அப்படியும் சண்டை ஓயவில்லை. நிசேயாவின் பக்கம் நின்ற அத்தனாசியஸ் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். 381இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் கூடிய பிறகே அந்த முடிவு நிலைத்தது.

பிரமாணத்தின் குறையும் இதே பிறப்பிலிருந்து வருகிறது. எதைப் பற்றி வழக்கு வந்ததோ அதைத்தான் அது விரித்துப் பேசும். கன்னி மரியாளிடம் பிறந்ததைச் சொன்ன கையோடு பொந்தியு பிலாத்துவிடம் போய்விடுகிறது. மலைப்பிரசங்கம், உவமைகள், பாவிகளோடு இயேசு உண்டது எதுவும் இல்லை. அவற்றை யாரும் மறுக்கவில்லை என்பதால் எழுதத் தேவைப்படவில்லை. முழு விசுவாசத்தையும் இதை வைத்தே அளப்பவர் சுவிசேஷத்தின் பெரும்பகுதியைக் கைவிட்டவர் ஆவார்.

ஒற்றுமைக்கென்று எழுதியது பிரிக்கவும் செய்யும். நிசேயா பிரமாணத்தில் ஆவியானவர் பிதாவிலிருந்து புறப்படுகிறவர் என்ற வரியில் "குமாரனிலிருந்தும்" என்று மேற்குச் சபை சேர்த்துக்கொண்டதைக் கிழக்குச் சபை ஏற்கவில்லை. இரு சபைகளுக்கும் இடையே நேர்ந்த 1054இன் பிளவில் அதற்கும் பங்குண்டு.

1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபையினரும், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினரைக் கொண்ட தென்னிந்திய ஐக்கிய சபையும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, அப்போஸ்தலர், நிசேயா பிரமாணங்கள் இரண்டும் ஏற்கப்பட்டன. ஆனால் அவற்றின் ஒவ்வொரு சொல்லுக்கும் தனிநபர் உடன்பட வேண்டும் என்று கேட்கப்போவதில்லை, நியாயமான விளக்கச் சுதந்திரத்துக்கும் தடையில்லை என்று இணைப்பின் அடிப்படை ஆவணம் தெளிவாக எழுதி வைத்தது.