ஒரு வியாதி, இரு கதி

ஒரே குற்றத்திற்கு ஒருவனுக்கு அபராதமும் மற்றொருவனுக்கு மரண தண்டனையும் விதிக்கப்படுமானால், காரணம் கேட்பது நியாயமாகும். புருஷர்களுக்கு உண்டாகும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயில் இத்தகைய பேதமே காணப்படுகிறது. ஒருவர் அவ்வியாதியுடன் இருபது வருஷம் வாழ்ந்து, வேறு காரணத்தால் காலமாகிறார். மற்றொருவரோ, அது எலும்புகளில் பரவிச் சில வருஷங்களுக்குள் மாண்டு போகிறார். இதனைத் தலைவிதியென்று சொல்லி வாளாவிருந்த காலம் கடந்துவிட்டது.

காரணங்களுள் ஒன்று பிறப்பிலேயே அமைந்திருக்கிறது. பி.ஆர்.சி.ஏ. 2 என்னும் மரபணுவை 1995-ம் வருஷத்தில் பிரிட்டனில் மைக்கேல் ஸ்டிராட்டன் குழுவினர் கண்டறிந்தனர். அறுந்த டி.என்.ஏ. இழைகளைப் பழுது பார்ப்பதில் உதவுவது இதன் தொழில். இதில் குறையுள்ளவர் யாவருக்கும் புற்றுநோய் வருமென்பதில்லை. வந்தாலோ, அது பெரும்பாலும் உக்கிரமாக இருக்கிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வியாதி பரவிய 692 பேரைச் சோதித்து 2016-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 11.8 சதவீதத்தினரிடம் பழுதுபார்க்கும் மரபணுக்களில் பிறவிக் குறை காணப்பட்டது. வியாதி பரவாத 499 பேரிலோ 4.6 சதவீதத்தினரிடமே அது இருந்தது.

இதை அறிவதால் பயன் என்னவென்று சிலர் வினவலாம். எந்தக் குறை வியாதிக்கு வேகம் தந்ததோ, அதுவே மருந்து நுழையும் வாசலாகவும் ஆகிறது. பழுது பார்க்கும் மற்றொரு வழியையும் ஒலாபரிப் என்னும் மருந்து அடைத்துவிடுவதால், புற்றணு தன் பழுதாலேயே மடிகிறது. முன்சிகிச்சையை மீறி முற்றிய வியாதியும், பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2, ஏ.டி.எம். ஆகியவற்றுள் ஒன்றில் குறையும் உடையவர்களிடம் நடந்த பரிசோதனையின் முடிவு 2020-ல் வெளியாயிற்று. வேறு மருந்து பெற்றவர்களின் ஆயுள் நடுத்தர அளவில் 14.7 மாதமாகவும், ஒலாபரிப் பெற்றவர்களுடையது 19.1 மாதமாகவும் இருந்தது. இது பூரண குணமன்று, எனினும் அற்பமுமன்று.

மற்றொரு விஷயம் இதனினும் முக்கியமானது. இக்குறை தந்தையிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்புடன் செல்வது. மகளிடம் அது மார்பகப் புற்றுநோய்க்கும் கருப்பைக்கு அருகிலுள்ள சூலகத்தின் புற்றுநோய்க்கும் ஏதுவாகலாம். வெட்கத்தினால் தம் வியாதியை மறைக்கும் தந்தை, மகளுக்குரிய எச்சரிக்கையையும் மறைத்தவராவார். வியாதி பரவிய எவரும் இச்சோதனையைக் குறித்து வைத்தியரிடம் கேட்கவேண்டும். முடிவைக் குடும்பத்தாரிடம் ஒளிக்கலாகாது. சொத்தைப் பங்கிட உயில் எழுதும் புருஷர்கள், உடம்பின் வழியே தாம் கொடுத்துச் செல்வதையும் வெளிப்படக் கூறுவது கடமையன்றோ?