உடற்பயிற்சி தொடங்கியதும் எடை கூடுகிறதே, ஏன்?

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பத்துமலைப் படி ஏறுகிறீர்கள். மற்ற நாளில் தித்திவங்சா ஏரியைச் சுற்றி வேக நடை, அல்லது தாமானுக்குப் பக்கத்து ஜிம். இரண்டு வாரம் கழித்து எடை பார்த்தால் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. "நமக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று சப்பாத்தைக் கழற்றி மூலையில் போடத் தோன்றும். போட்டுவிடாதீர்கள். கூடியிருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான்.

தண்ணீர் என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி (உணவு தரும் ஆற்றலின் அளவு) மிச்சப்பட வேண்டும். ஒன்றரைக் கிலோவுக்கு 11,500-க்கு மேல். பதினான்கு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 800-க்கும் அதிகம். சாதாரண ரொட்டி சானாய் ஒன்று சுமார் 300 கலோரி. ஆக, நீங்கள் எரித்ததை எல்லாம் ஈடுகட்டி, அதற்கு மேலும் தினம் இரண்டரை மூன்று ரொட்டி சானாய் தின்றிருக்க வேண்டும். அப்படித் தின்னவில்லை என்றால் அது கொழுப்பு அல்ல.

சரி, அந்தத் தண்ணீர் எங்கே போய்த் தங்குகிறது?

முதலில் தசையில். பத்துமலையில் 272 படி. ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் மறுநாள் தொடையைப் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இறங்கியதன் விளைவு. இறங்கும் ஒவ்வொரு படியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. பழக்கமில்லாத தசை இழைகளில் இதனால் நுண்ணிய கிழிசல் ஏற்படும். அதைச் சரிசெய்ய உடம்பு அந்த இடத்துக்கு நீரை அனுப்புகிறது. உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல் இரண்டு மூன்று நாள் வலிக்கிறதே, அப்போது எடை பார்த்தால் கூடத்தான் காட்டும்.

இரண்டாவது காரணம் கிளைக்கோஜன் (தசையும் கல்லீரலும் சேமித்து வைக்கும் மாவுச்சத்து). அடிக்கடி வேலை கொடுத்தால் தசை இதைக் கூடுதலாகச் சேர்த்து வைக்கப் பழகுகிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் ஒட்டிக்கொண்டு வரும். 200 கிராம் கூடுதலாகச் சேர்ந்தாலே தண்ணீரோடு 800 கிராம் ஆகிவிடும்.

மூன்றாவது, இரத்தம். தொடர்ந்து நடப்பவருக்கும் ஓடுபவருக்கும் முதல் ஓரிரு வாரத்திலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும். வெயிலைத் தாங்கவும் இதயம் சுலபமாக வேலை செய்யவும் உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு இது.

ஜிம்மில் "தசை ஏறியிருக்கிறது" என்கிறார்களே?

கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு வாரத்தில் ஒன்றரைக் கிலோ தசை யாருக்கும் ஏறாது. அதற்கு மாதக்கணக்கில் பாரம் தூக்க வேண்டும். கிரியாட்டின் (தசைக்கு உடனடி ஆற்றல் தரும் பொருள், பொடியாக விற்கிறார்கள்) சாப்பிடத் தொடங்கியிருந்தால், அதுவே ஒன்று இரண்டு கிலோ தண்ணீரைத் தசைக்குள் இழுத்து வைக்கும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்திய நாள்களிலும் இப்படித்தான் ஏறி இறங்கும்.

அப்படியானால் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கலாமா?

கூடவே கூடாது. நம் ஊர் வெக்கையில் அது மயக்கத்தில்தான் கொண்டுபோய் விடும். குடிப்பதைக் குறைத்தாலும் தசையில் தேங்கிய நீர் குறையாது. பெரும்பாலானோருக்கு மூன்று நான்கு வாரத்தில், சிலருக்கு ஆறு வாரத்தில் இது அடங்கும். பயிற்சியைத் திடீரெனக் கூட்டினால் திரும்பவும் தலைகாட்டும்.

ஆறு வாரம் தாண்டியும் ஏறிக்கொண்டே போனால்?

இனித் தண்ணீர்மேல் பழி போட முடியாது. பயிற்சி முடிந்து எங்கே போகிறீர்கள் என்று பார்க்க வேண்டும். நம் ஆட்களின் வழக்கம் தெரிந்ததுதானே. நடந்து முடித்ததும் கூட்டமாகப் பிரிக்ஃபீல்ட்ஸில் பசியாறல், கிள்ளானில் இருப்பவர் என்றால் தெங்கு கிளானா சாலைப் பக்கம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் 250 முதல் 300 கலோரி வரை செலவாகும். ஒரு ரொட்டி சானாயிலேயே அது திரும்பி வந்துவிடுகிறது. குழம்பையும் தே தாரிக்கையும் இன்னும் சேர்க்கவே இல்லை. தே தாரிக்கில் ஊற்றும் டின் பால் ஒரு மேசைக்கரண்டிக்கு அறுபது கலோரிக்கு மேல். மாமாக் கடையில் எத்தனை கரண்டி விழுகிறது என்று கலக்குபவரின் கையைக் கொஞ்சம் கவனியுங்கள்.

இது உங்கள் ஒருவரின் பலவீனம் அல்ல. பயிற்சி கூடினால் பசியும் கூடும், ஆளுக்கு ஆள் வேறுபடும். பிரிட்டனின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அதிக எடையுள்ள 35 பேர் பன்னிரண்டு வாரம் மேற்பார்வையில் பயிற்சி செய்தார்கள். சராசரியாக 3.7 கிலோ குறைந்தது. ஒருவருக்கு 14.7 கிலோ குறைந்தது, இன்னொருவருக்கு 1.7 கிலோ கூடியது. பயிற்சி எல்லாருக்கும் ஒரே அளவுதான்.

அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கடையில் "தே ஓ கொசொங்" கேளுங்கள். மனம் வரவில்லை என்றால் "குராங் மானிஸ்" என்றாவது சொல்லுங்கள். ரொட்டி இரண்டு என்பது ஒன்றாகட்டும், கூட ஒரு முட்டை இருக்கட்டும். மதியத் தட்டுக்கு நம் சுகாதார அமைச்சு சொல்லும் "சுக்கு சுக்கு செப்பாரோ" போதும்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீன் அல்லது கோழி அல்லது பருப்பு, பாதித் தட்டு காய்கறியும் பழமும். ஒரு மணி நேர நடைக்கு வெறும் தண்ணீர் போதும். விளையாட்டு வீரர்களுக்கான இனிப்புப் பானம் உங்களுக்குத் தேவையே இல்லை.

இனிப்பு நீர் உள்ளவர்கள் இதைத் தனியாகப் படியுங்கள். இன்சுலினோ கிளிக்லாசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்குப் பயிற்சிக்குப் பின் சீனி அளவு இறங்கி, கை நடுங்கி, வியர்த்துக் கொட்டலாம். உடனே இனிப்பு சாப்பிடத்தான் வேண்டும், சாப்பிடுவதும் சரி. ஆனால் வாரத்தில் பல தடவை இப்படி நேர்ந்தால் எடை அந்த வழியிலும் ஏறும். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். அதை நீங்களே செய்யாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பிறகு எதை வைத்துத்தான் முன்னேற்றத்தைப் பார்ப்பது?

தையல் நாடா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் சுற்றி, இயல்பாக மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு அளந்தால் பயனில்லை. ஆண்களுக்கு 90 செண்டிமீட்டருக்குள்ளும் பெண்களுக்கு 80-க்குள்ளும் இருப்பது நல்லது. எடை ஏறி, இடுப்புச் சுற்று குறைந்தால் நீங்கள் சரியான வழியில்தான் போகிறீர்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் சாப்பாட்டைப் பாருங்கள்.

எடையே பார்க்கக் கூடாது என்றில்லை. காலையில் கழிவறை போய்வந்த பிறகு, எதுவும் குடிக்கும் முன், அதே எடைக்கருவியில் பாருங்கள். ஒரு நாள் எண்ணை விட்டுவிட்டு வாரச் சராசரியை எழுதி வையுங்கள். முந்திய இரவு உப்புக் கருவாடு சாப்பிட்டாலே மறுநாள் ஒரு கிலோ கூடக் காட்டும்.

இடுப்பைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. 2023-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். 2019 ஆய்வில் இனவாரியாகப் பார்த்தபோது இனிப்பு நீர் மிக அதிகமாக இருந்தது இந்தியர்களிடையேதான். வயிற்றுக் கொழுப்புக்கும் அந்த நோய்க்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

எப்போது பயப்பட வேண்டும்?

இரண்டு மூன்று நாளிலேயே இரண்டு கிலோ ஏறி, கணுக்கால் வீங்கி, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டினால் அது பயிற்சியின் விளைவு அல்ல. இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருக்கலாம். கடுமையான பயிற்சிக்குப் பின் தாங்க முடியாத தசைவலியோடு சிறுநீர் தே ஓ நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கத் தொடங்கியிருக்கலாம். இந்த இரண்டுக்கும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நெஞ்சுவலியும் சேர்ந்தால் 999-ஐ அழையுங்கள்.