சுவரில் ஊரும் பூசணி விதை

குளியலறைச் சுவரில் பூசணி விதை மாதிரி தட்டையா, சாம்பல் நிறத்துல ஒட்டியிருக்கும். "இது என்னங்க?" என்று நண்பர்கள் எனக்குப் படம் அனுப்புவதுண்டு. உள்ளே இருப்பது ஃபெரியோகா உட்டெரெல்லா என்ற அந்துப்பூச்சியின் புழு.

தான் சுரக்கும் பட்டு நூலில் மணலையும் தூசியையும் ஒட்டி இந்த உறையைக் கட்டுகிறது. புழு வளர வளர உறையும் வளரும்; கடைசியில் 1 செ.மீ. சொச்சம். இரண்டு முனையிலும் வாசல். எந்தப் பக்கமும் தலையை நீட்டி நடக்கும், தின்னும்.

சுமார் 7 வாரம் புழுப் பருவம். அப்புறம் அதே உறைக்குள் கூட்டுப்புழு. 2, 3 வாரத்தில் அந்து வெளியே வரும். சாம்பல் இறக்கை, அதில் கரும்புள்ளிகள். வளர்ந்த அந்து எதையும் தின்னாது. இணைசேர்ந்து முட்டையிடுவதே அதன் வேலை.

பார்த்ததும் மருந்து அடிக்க ஓடாதீங்க. புழுவின் தீனி பழைய ஒட்டடை, உதிர்ந்த முடி, செத்த பூச்சி, கம்பளி. ஆக, ஒட்டடைக்கோலும் துடைப்பமும்தான் நான் சொல்ற மருந்து.