அசுவினியைத் தின்னும் ஈயை இனங்காணுங்கள்

அவரை, தட்டைப்பயறு, நிலக்கடலை ஆகியவற்றின் இளந்தளிர்களில் கருநிற அசுவினி அடையடையாக மொய்ப்பதை விவசாயிகள் நன்கு அறிவார்கள். அக்கூட்டத்தின் நடுவே வெளிர்பச்சைப் புழுவொன்று ஊர்ந்தால், பயிரைக் கடிக்கும் புழு என்று எண்ணி உடனே மருந்து தெளிப்போர் உண்டு. அது பயிரைத் தொடுவதில்லை. அசுவினியைப் பிடித்துச் சாற்றை உறிஞ்சித் தோலை எறிந்துவிடும் சிர்ஃபிட் ஈயின் புழு அது.

இந்த ஈக்களில் நம் வயல்களில் பரவலாகக் காணப்படும் இனம் இஸ்கியோடான் ஸ்குட்டெல்லாரிஸ். 1805ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டுப் பூச்சியியல் அறிஞர் ஃபேப்ரீசியஸ் இதனை விவரித்தார். இந்தியா, இலங்கை முதல் சீனா, ஜப்பான் வரையிலும், தெற்கே இந்தோனேசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரையிலும் இது பரவியுள்ளது. ஆப்பிரிக்காவில் இதன் நெருங்கிய உறவான இஸ்கியோடான் ஈஜிப்டியஸ் அதே வேலையைச் செய்கிறது.

ஈயை அறிவது எப்படி?

நீளம் ஏறத்தாழ 1 செ.மீ. கருநிற வயிற்றில் மஞ்சள் பட்டைகள் இருக்கும். மார்பின் இரு ஓரங்களிலும் மஞ்சள் கோடும், மார்பின் பின்முனையில் மஞ்சள் நிறத் தகடும் தெரியும். பார்வைக்குத் தேனீ போலிருந்தாலும் இதற்கு இறக்கைகள் இரண்டே, தேனீக்கு நான்கு. உணர்கொம்பு மிகக் குட்டை. கொடுக்கு இல்லை, கொட்டாது. பூவின் முன் அந்தரத்தில் அசையாது நின்று, சட்டென விலகிப் பறக்கும்.

புழுவை அறிவது எப்படி?

கால்கள் கிடையா. தலை தனியே தெரியாது. முன்புறம் கூம்பி, பின்புறம் பருத்திருக்கும். காய்ப்புழுவுக்கோ கால்களும் தெளிவான தலையும் உண்டு. இந்த வேறுபாட்டை வெறுங்கண்ணாலேயே காணலாம். கூட்டுப்புழு நீர்த்துளி வடிவில் இலையில் ஒட்டியிருக்கும். வெண்ணிற முட்டைகளை ஈ அசுவினிக் கூட்டத்தினுள்ளேயே இடுகிறது. ஆகவே வெளிவந்த புழு இரையைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு புழு வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும்.

செய்ய வேண்டியவை

மருந்து தெளிக்குமுன் வயலின் பல இடங்களில் தளிர்களைத் திருப்பிப் பாருங்கள். அசுவினிக் கூட்டங்களில் இப்புழுக்கள் பரவலாக இருந்தால் தெளிப்பதைத் தள்ளிவைத்து, சில நாட்கள் கழித்து மீண்டும் பாருங்கள். அசுவினி வரப்போரச் செடிகளில் மட்டும் இருந்தால் அத்தளிர்களைக் கிள்ளி அழித்தாலே போதும். வளர்ந்த ஈ தேனையும் மகரந்தத்தையும் உண்டே வாழ்வதால், வரப்பில் சிறிது கொத்தமல்லியை விதைத்துப் பூக்க விடுங்கள். பூ இருக்கும் வயலில் ஈ தங்கும். ஈ தங்கினால் மருந்துச் செலவு குறையும்.