உதிர்ந்த கொம்பின் வாசம்

மே மாதத் தொடக்கம். வட அமெரிக்காவின் ராக்கி மலைச் சரிவுகளில் பனி உருகி, சென்ற ஆண்டின் புல் பழுப்பாய்த் தலைகாட்டுகிறது. அந்தப் பழுப்புக்குள் பழுப்பாக ஒரு கொம்பு கிடக்கிறது. எல்க் மான் ஒன்று சில வாரங்களுக்கு முன் இறக்கி வைத்துவிட்டுப் போன மகுடம். பத்தடி தள்ளி நடக்கும் நாம், காய்ந்த கிளை என்றெண்ணிக் கடந்துவிடுகிறோம். உடன் வந்த நாய் மட்டும் நிற்கிறது. முகத்தைத் தூக்கிக் காற்றை முகர்கிறது. திரும்புகிறது.

மாட்டுக்கும் கொம்பு, மானுக்கும் கொம்பு என்று நம் மொழி இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டது. மாட்டின் கொம்பு, உள்ளே எலும்பும் வெளியே நகம் போன்ற உறையுமாக ஆயுள் முழுதும் உடன் வருவது. மானின் கொம்போ முழுக்க எலும்பு. ஆண்டுதோறும் முளைத்து, கிளைத்து, ஆண்டுதோறும் உதிர்வது. வசந்தத்தில், பட்டுப் போன்ற மென்மயிர்த் தோலுக்குள் குருதி பாய்ந்து, கோடையின் உச்சத்தில் நாளொன்றுக்கு 2 சென்டிமீட்டர் வரை அது நீள்கிறது. அத்தனை எலும்புக்கு மேய்ந்த புல் போதாது. ஆகவே மான் தன் விலா எலும்புகளிடமே சுண்ணாம்புச் சத்தைக் கடன் வாங்குகிறது. பிறகு மேய்ந்து மேய்ந்து அந்தக் கடனை அடைக்கிறது. இலையுதிர் காலத்தில் இணைக்காகப் போர், பின் பனி. பகல் நீளத் தொடங்கும்போது ஆண்மைச் சுரப்பு வடிகிறது. கொம்பின் அடியில் நுண்ணிய செல்கள் எலும்பை ஒரு மெல்லிய கோட்டில் கரைக்கின்றன. ஒரு நாள், புதரில் உராய்ந்தோ ஓடையைத் தாண்டியோ, பல கிலோ எடையுள்ள அந்தப் பெருமை தரையில் விழுகிறது. தலையில் சிறு குருதிக் கசிவு. சில நாளில் தோல் மூடிக்கொள்கிறது. அடுத்த கொம்பு அரும்பத் தொடங்கிவிடுகிறது.

நம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கொம்பு தன் அடியில் வைத்திருக்கிறது: பிரிந்த இடத்தின் வாசம். அதைப் படிக்கவென்றே படைத்தது போல் இருக்கிறது நாயின் மூக்கு. நம்மிடம் சில பத்து லட்சம் மணமறியும் செல்கள் என்றால், அதனிடம் இருபது கோடிக்கும் மேல். மூச்சை விடும்போது காற்று மூக்கின் பக்கப் பிளவுகள் வழியே வெளியேறுவதால், முன்னிருந்து வரும் மணம் கலைவதில்லை. இரு துளைகளும் தனித்தனியே மணத்தை எடுத்துவந்து, எந்தப் பக்கம் அதிகம் என்று ஒப்பிட உதவுகின்றன. உள்ளங்கையில் அடங்கும் அந்த ஈர மூக்கின் முன்னால் ஒரு மலைச்சரிவே விரித்த ஏடாகிவிடுகிறது.

அப்படியானால் கொம்பு தேட நாயைப் பழக்குபவர் எதைக் கற்றுக்கொடுக்கிறார்? மோப்பத்தை யாரும் கற்றுத்தர முடியாது. ஆயிரம் மணங்களில் எது நமக்கு வேண்டும் என்பதைச் சொல்லலாம், அவ்வளவுதான். அதையும் மெதுவாகச் சொல்ல வேண்டும். லாப்ரடார் குட்டிக்கு முதலில் தருவது மெத்தென்ற பொய்க்கொம்பு. நிஜக் கொம்பின் முனை ஒருமுறை வாயில் குத்திவிட்டால், குட்டி அதற்கு எப்போதும் அஞ்சலாம். வீட்டு நடைக்கூடத்தில் கொம்பை வீசி எடுத்துவரச் சொல்கிறார்கள். அங்கே திரும்பி வர ஒரே வழிதான். பிறகு முனை மழுக்கிய சிறு நிஜக் கொம்பு. பிறகு புல்வெளி. ஒளித்து வைக்கும்போது ரப்பர் கையுறை கட்டாயம். இல்லையென்றால் நாய் தேடிக் கண்டுபிடிப்பது கொம்பின் வாசத்தை அல்ல, எஜமானின் கைவாசத்தை! காலடித் தடமும் காட்டிக்கொடுக்கும் என்பதால் கொம்பைத் தூரத்திலிருந்து எறிகிறார்கள். காற்று நாயின் முகத்தில் மோதும்படி அழைத்து வருகிறார்கள். ஒவ்வொரு முறை கொம்பு கைக்கு வரும்போதும் ஒரு தின்பண்டம், ஒரு தட்டல், ஒரு கொண்டாட்டம். மாதக்கணக்கான இந்தப் பொறுமையில் யார் யாரைப் பழக்குகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம் வருவதுண்டு. காற்றின் திசையை என்றைக்கும் கவனிக்காத மனிதர் அதைக் கவனிக்கக் கற்றிருப்பார்.

இன்னொரு பாடமும் உண்டு: உயிருள்ள மானைக் கண்டால் துரத்தக்கூடாது. குளிர்காலம் முழுதும் கொழுப்பை எரித்துப் பிழைத்த மானின் உயிரை ஒரு வீண் ஓட்டமே வாங்கிவிடலாம். வயோமிங் மாநிலத்தின் மேற்குப் பொதுநிலங்களில் ஜனவரி முதல் ஏப்ரல் முடியக் கொம்பு பொறுக்கத் தடை இருப்பது அதனால்தான். நம் முதுமலையிலும் புள்ளிமானும் கடமானும் கொம்பு உதிர்க்கின்றன. அங்கே எடுத்துவரச் சட்டமே இடம் தருவதில்லை. நல்லதுதான். எலியும் முள்ளம்பன்றியும் இரவில் வந்து கொறித்து, அந்தச் சுண்ணாம்பைத் தம் எலும்பில் சேர்த்துக்கொள்ளும்; மிச்சத்தை மண் எடுத்துக்கொள்ளும். விலாவிலிருந்து கடன் வாங்கியது காட்டின் கணக்கிலேயே வரவாகிறது.

சரிவில் நாய் திரும்பி வருகிறது. வாயில் தன்னைவிட அகலமான கொம்பு; தலையைச் சாய்த்து, புதருக்குப் புதர் முட்டிக்கொண்டு, வாலாட்டியபடி. நீட்டிய கையில் மெல்ல விடுகிறது. அடிப்புறம் சொரசொரப்பாய், துருப்பிடித்த சிவப்பு இன்னும் மங்காமல். ஓரத்தில் எலிப்பல் பதிந்த இரண்டு கோடுகள். கொம்புகள் சோடியாகவே வளர்ந்தாலும் எப்போதும் சோடியாகவே விழுவதில்லை. மற்றொன்று அடுத்த மேட்டில் கிடக்கலாம், ஒரு மைல் தள்ளியும் கிடக்கலாம். நாம் இன்னும் முதல் கொம்பைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நாய் அதற்குள் காற்றுக்கு எதிரே முகத்தைத் திருப்பிவிட்டது.